சேர்ந்தமரத்தில் நிற்காத கிட்டார்

வெள்ளத்துரை அண்ணாச்சியைப் பற்றிச் சொல்வதானால் அவருடைய வலது காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். முப்பத்தோரு வருடம் அரசுப் பஸ் ஓட்டிய கால் அது. வண்டி ஓட்டுவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியும் அந்தக் காலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தெருவில் ஏதாவது ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடிக்கும். உடனே நாற்காலிக்குக் கீழே அந்தக் கால் பிரேக்கை மிதிக்கும். அவருடைய மனைவி கனகலட்சுமி மதினி, “ஆமா, மிதிக்கலன்னா சட்னியில போய் முட்டியிருப்பீங்க” என்பார்.

என் பெயர் ஜெயசிங். சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி போகிற வண்டியில் பதினான்கு வருடம் அவருக்குக் கண்டக்டராக இருந்தேன். எனக்கு இன்னும் ஒரு வருடம் சர்வீஸ் இருக்கிறது. கண்டக்டருக்குக் கோபம் சில்லறை மாதிரி, எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அண்ணாச்சி அப்படியில்லை. கூட்டம் கத்தும், மாடு குறுக்கே வரும், லாரிக்காரன் வழிவிட மாட்டான். அவர் வாயிலிருந்து “பைய, பைய” என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. அது எதிரே வருகிறவனுக்குச் சொன்னதா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா என்று இதுவரை நான் கேட்டதில்லை.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் மேலநீலிதநல்லூர். மழை பெய்தால் உளுந்து விதைப்பது, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்ப்பது என்றிருந்த குடும்பம். பதினெட்டு வயதில் பருத்தி லாரியில் கிளீனராக ஏறி, அங்கேயே ஸ்டியரிங் பிடித்துப் பழகி, பிறகு அரசு வேலைக்கு வந்து சங்கரன்கோவிலில் குடியேறினார். ஒரு விபத்து கிடையாது. அதற்காகக் கொடுத்த மெடலை மதினி சாமி படத்துக்கு ஒரு சாண் கீழே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி உண்டு.

வண்டியில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும். இரண்டு விசில் அடித்தால் கிளம்ப வேண்டும். அந்த விசிலிலேயே எனக்குத் தலைவலியா, இன்ஸ்பெக்டர் ஏறியிருக்கிறாரா, டீ குடிக்கலாமா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். என் மனைவிக்குக்கூட அவ்வளவு தெரியாது.

சர்க்கரை கடைசியில் அவருடைய கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. எதையாவது நேராகப் பார்த்தால் நடுவில் கரி பூசினதுபோல் இருக்கும், ஓரத்தில் மட்டும்தான் தெரியும் என்றார். பரிசோதனையில் தேறவில்லை. டிப்போவுக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். “அடுத்தவன் வண்டி எடுக்குததைப் பாத்துக்கிட்டு உக்காரவா?” என்று கேட்டுவிட்டு ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பஸ்ஸிலேயே ஏறவில்லை. ஒரே ஒரு தடவை ஏறினார். தென்காசியில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயசித்ராவைப் பார்க்கக் கிளம்பி, ஒரு பயணியாக முன்சீட்டில் உட்கார்ந்தார். ஊரைத் தாண்டுவதற்குள் கால் வேலையைத் தொடங்கிவிட்டது. வளைவு வந்தால் மிதிக்கும், ஆடு வந்தால் மிதிக்கும். முன்னால் கம்பிதான் இருந்தது. பிரேக் இல்லாத இடத்தில் மிதித்து மிதித்து, கம்பியருகே நின்ற பெண்ணின் பையை உதைத்துவிட்டார். அந்தப் பெண் சத்தம் போட, இரண்டு காலேஜ் பிள்ளைகள் சிரிக்க, வீரசிகாமணியில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். மருமகன் கார் அனுப்பிப் பார்த்தார். கார் டிரைவரிடம் ஐந்து கிலோமீட்டருக்குள் பதினேழு தடவை “கியரை மாத்துங்க” என்று சொல்லி, அந்த மனிதர் வண்டியை ஓரம் கட்டிச் சாவியை நீட்டிவிட்டார். சாவியைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு அழுகை வந்துவிட்டதாம். மதினிதான் என்னிடம் சொன்னார்.

இந்த நிலையில்தான் ஜெயசித்ரா தென்காசியில் வீடு கட்டி முடித்தாள். ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். நான் வாரவிடுமுறையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்று அவள் போனில் பேசினாள். மதினி ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, நீங்க வரலன்னா நான் பால் காய்ச்ச மாட்டேன். சொல்லிட்டேன்.”

“ஏட்டி, கோட்டித்தனமா பேசாத. அம்மா வருவா.”

“அம்மா வருவா, அப்பா வரமாட்டாரா? உங்களுக்குன்னு கீழ ஒரு ரூம் கெட்டியிருக்கேன். அதை யாரு வந்து திறப்பா?”

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டாள். மதினி அடுப்படிக்குப் போனார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் கிட்டார் அன்று கூடவே இருந்தது. கம்பி மாற்றக் கொடுத்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். சர்ச்சில் இருபத்தெட்டு வருடமாக வாசிக்கிறேன். கீர்த்தனைக்குத் துணையாக வாசிப்பதுதான் அங்கே வேலை. தனியாக இருக்கும்போது வார்த்தையில்லாமல், விரல் போன போக்கில் வாசிப்பேன். தென்காசியில் மத்தியானம் வண்டி நிற்கும் நேரத்தில் சில சனிக்கிழமைகளில் அப்படி வாசித்ததுண்டு. அண்ணாச்சி துண்டை முகத்தில் போட்டபடியே, “வார்த்தை இல்லாத பாட்டு போர்டு இல்லாத வண்டில்லா. எவன் ஏறுவான்?” என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் டிரைவரைப் பகைத்துக்கொண்டு கண்டக்டர் எங்கே போவது?

அன்று கிட்டாரை எடுத்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எடுத்தேன். வாசிக்கத் தொடங்குமுன் கிட்டாரின் பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவது என் பழக்கம். தாளம் பிடிப்பதற்காகத் தட்டுவது. தட்டிவிட்டு வாசித்தேன். பெயர் வைக்காத ஒரு வாசிப்பு. மெதுவாகக் கிளம்பி, ஒரே அளவாகப் போய், நடுவில் கொஞ்சம் வேகம் பிடித்து, மறுபடி தணிந்து வரும். பதினோரு நிமிடம் ஆகியிருக்கும். முடித்து நிமிர்ந்தபோது மதினி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று அண்ணாச்சியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சாறு தடவை மிதிச்சிட்டாங்க” என்றார் மதினி.

அண்ணாச்சி கண்ணை மூடியபடியே இருந்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, மனத்தாங்கலோடு கேட்டார்.

“சேர்ந்தமரத்துல நிப்பாட்டலையே வே?”

“என்னது?”

“ரெண்டு தட்டு தட்டி ரைட் குடுத்தீரு. வண்டியை எடுத்தேன். வீரசிகாமணி தாண்டியாச்சு. சேர்ந்தமரம் வருது, ஒரு தட்டு தட்டுவீருன்னு பாக்கேன், நீரு பாட்டுக்குப் போறீரு. ஆவுடையம்மா பூக்கூடையோட எங்க இறங்குவா?”

ஆவுடையம்மாள் எங்கள் வண்டியின் பழைய பயணி. காலையில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பிச்சியும் மல்லிகையும் வாங்கிக்கொண்டு ஏறி, சேர்ந்தமரத்தில் இறங்கி விற்பவர். இல்லாத பஸ்ஸில் இல்லாத ஆவுடையம்மாளை இறக்கிவிடவில்லை என்று என்மேல் புகார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “அண்ணாச்சி, இது பாட்டு. பஸ் இல்ல” என்றேன்.

“அது எனக்குத் தெரியும் வே. காலுக்குத் தெரியலல்லா” என்றார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். என்னால் மறக்க முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அதே வாசிப்பைப் போனில் பதிவு செய்து மதினியின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். காலையில் மாத்திரை போட்டுவிட்டு ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை, காதில் வயரை மாட்டிக்கொண்டு சன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் போகும்போதெல்லாம் புகார் தயாராக இருக்கும். பதினோரு நிமிடத்தில் தென்காசி போனால் லைசென்சைப் பிடுங்கிவிடுவார்கள் என்றார். சுரண்டைக்கு முன்னால் இவ்வளவு வேகம் ஆகாது, சந்தை நாளில் ஆள் குறுக்கே வரும் என்றார். நான் வாசித்ததை இத்தனை கவனமாக இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பாஸ்டர்கூட வாசிப்பு முடிந்தபின் “நல்லாருந்துச்சு” என்று சொல்வதோடு சரி.

ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வந்தது. ஒரு வாரம் ஸ்பெஷல் வண்டி, இரட்டை டூட்டி என்று எனக்கு மூச்சுவிட நேரமில்லை. கூட்டம் வடிந்து ஊர் பழையபடி ஆனதும் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். அவர் என் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து காலைப் பார்த்தேன். வலது கால் இடது காலின்மேல் சும்மா கிடந்தது. முகம் மட்டும் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

வயரைக் கழற்றியதும் கேட்டேன். “என்ன அண்ணாச்சி, பிரேக்கு பிடிக்கலையா?”

“வண்டி நான் ஓட்டலயே வே.”

“பின்ன யாரு ஓட்டுதா?”

“நீருதான். நான் சன்னல் சீட்டுல உக்காந்திருக்கேன்.” வயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். “முப்பத்தோரு வருசம் அந்த ரோட்டுல போயிருக்கேன். சன்னலைப் பாத்ததே இல்ல. ரோட்டைத்தான பாத்தேன்? சுரண்டை தாண்டி சூரியகாந்தி பூத்திருக்குன்னு எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாப்பாங்க. நான் எதுக்க வர்ற லாரியப் பாப்பேன். இப்ப உம்ம பாட்டுலதான் நின்னு பாக்கேன்.”

சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“ஒரு எடத்துல ரோடு கீழ எறங்குது வே. அப்படி ஒரு எறக்கம் நம்ம ரூட்டுலயே கிடையாது. பக்கத்துல தண்ணி ஓடுத மாதிரி இருக்கு. எந்த ஊருன்னு தெரியல. தெரியாத ஊருக்கு நான் போனதே இல்லல்லா. போர்டுல என்ன எழுதியிருக்கோ அங்கதான போனேன்? அந்த எடம் வந்தா மட்டும் மனசு குளுந்து போகுது.”

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். பதிவு செய்யும்போது விரல் வழுக்கி வேறு கம்பிக்குப் போய்விட்டது. தப்பைக் காட்டிக்கொள்ளாமல் அப்படியே கீழே இறக்கிச் சமாளித்திருந்தேன். அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்த ஊர் இல்லாமல் போய்விடும்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. பால் காய்ச்ச இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பாட்டிலேயே ஒவ்வொரு ஊராக நிறுத்திக் கூட்டிப்போனால் மனிதர் பழகி, நேரில் பஸ்ஸிலும் ஏறிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். நாலு நாள் உட்கார்ந்து புதிதாக ஒன்று வாசித்து என் போனில் பதிவு செய்தேன். வீரசிகாமணியில் ஒரு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு, மறுபடி கிளம்புவது. சேர்ந்தமரத்தில் ஆவுடையம்மாள் கூடையை இறக்கக் கூடுதலாகக் கொஞ்ச நேரம்கூட விட்டேன். சுரண்டைக் கடைத்தெருவில் மெதுவாகப் போனேன். இருபத்தாறு நிமிடம். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

அண்ணாச்சி வயரை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டார். முதல் தட்டிலேயே இடது கால் மேலிருந்து வலது கால் கீழே இறங்கிவிட்டது. சேர்ந்தமரம் வருவதற்குள் கை இரண்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டன, நெற்றியில் வேர்வை. பாதியில் வயரைப் பிடுங்கினார்.

“இது டூட்டி வே” என்றார். “எனக்கு வேண்டாம்.”

“நீருதானே சேர்ந்தமரத்துல நிக்கலன்னு என் உயிரை எடுத்தீரு? அண்ணாச்சின்னும் பாக்காம சொல்லுதேன், உமக்கு எது செஞ்சாலும் குத்தம்.”

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில் அவரையே ‘நீரு’ என்று சொல்லிவிட்டேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை.

“பழசுல நீரு எங்கயும் என்கிட்ட கேக்கல. நிக்கவா, போகவான்னு கேக்கல. நீரு பாட்டுக்குப் போனீரு. அதனாலதான் நான் சும்மா இருந்தேன். புதுசுல ஒவ்வொரு தட்டும் என்னயக் கூப்பிடுது. இன்னொருத்தர் கையில வண்டி இருக்கையில நாம சும்மா இருக்கலாம்னு இப்பதான் வே எனக்குப் பழக்கமாகுது. அதைக் கெடுக்காதீரும்.”

நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோபம் போக வீடு வரை நடக்க வேண்டியிருந்தது. நடந்து முடித்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. போனை எடுத்து அந்தப் புதிய பதிவை அழித்தேன். பால் காய்ச்சுவதைப் பற்றி அவரிடம் மேற்கொண்டு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினியும் பேசவில்லை.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள். காலை பத்து இருபதுக்குக் கிளம்புகிற வண்டிக்கு நான் டிக்கெட் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மதினி புது வெண்கலப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். கையில் கோயில் புற்றுமண் பொட்டலம், புது வீட்டில் வைக்க. அவருக்குப் பின்னால், அவர் தோளைப் பிடித்தபடி அண்ணாச்சி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பஸ்ஸின் முன்பக்கம் வந்ததும் கால் பழக்கத்தில் டிரைவர் கதவுப் பக்கம் திரும்பியது. அவரே நின்று, தடவிப் பார்த்து, இந்தப் பக்கம் வந்து படியேறினார். நான் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயம்.

“சன்னல் சீட்டு இருக்கா வே?” என்றார்.

இருந்தது. பின்படிக்கு முன்னால், இடது பக்கம். மதினி பானையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் எதிர்ச் சீட்டில் கூடையோடு இருந்தார். அண்ணாச்சி காதில் வயரை மாட்டிக்கொண்டார். வண்டி கிளம்பியது.

கிளம்பியதும் பிரச்சினை. எங்கள் வண்டிச் சத்தத்தில் காதுக்குள் வைத்தாலும் கிட்டார் கேட்காது. இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அவர் வயரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு கழற்றி மதினி கையில் கொடுத்துவிட்டார். ரயில்வே கேட் தாண்டியது. ஒரு டிராக்டர் குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். அண்ணாச்சியின் கால் மிதித்தது. மறுபடி மிதித்தது. கை முன்கம்பியை இறுக்கிப் பிடித்தது. பாதியில் இறங்கிவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது. ஜெயசித்ரா வீட்டில் திறக்காமல் கிடக்கும் அந்த அறை நினைவுக்கு வந்தது.

டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போனேன். அவர் தலைக்குப் பக்கத்தில் இருந்த சன்னல் சட்டத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன். கிட்டாரில் தட்டுகிற அதே தட்டு. தட்டிவிட்டு அங்கேயே நிற்காமல் என் வேலையைப் பார்க்க முன்னால் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது கை கம்பியை விட்டிருந்தது. முகம் சன்னல் பக்கம் இருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன முணுமுணுக்கிறார் என்று அருகில் போய்க் கேட்டேன். என் வாசிப்பைத்தான் தொண்டைக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார், விரல் வழுக்கிய இடத்தையும் விடாமல்.

வீரசிகாமணி வந்தது. போன தடவை இறங்கிய இடம். அவர் இறங்கவில்லை. அந்த ஊர் வந்ததே அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தூங்கிவிட்டார். சன்னலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். ஓடுகிற வண்டியில் வெள்ளத்துரை தூங்கி நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்திருக்க முடியாது.

சேர்ந்தமரம் வந்தது. விசில் அடித்தால் விழித்துவிடுவார் என்று முன்னால் நடந்து போய் டிரைவரிடம் வாயால் நிறுத்தச் சொன்னேன். புது டிரைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆவுடையம்மாள் கூடையைத் தூக்கினார். இறங்கப் போனவர் நின்று, அண்ணாச்சியை உற்றுப் பார்த்தார்.

“இவங்க நம்ம டிரைவர் அண்ணாச்சில்லா? இத்தன வருசமா முதுகைத்தான் பாத்திருக்கேன். மொகத்த இப்பதான் பாக்கேன்” என்றார். கூடையிலிருந்து ஒரு முழம் பிச்சியை நறுக்கி மதினியின் மடியில் இருந்த பானைக்குள் போட்டுவிட்டு இறங்கினார்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் இறங்கிய பிறகு அவர் தோளைத் தொட்டேன்.

“அண்ணாச்சி, தென்காசி.”

கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று பிடிபட ஒரு நிமிடம் ஆனது. பிறகு கேட்டார்.

“சேர்ந்தமரத்துல நின்னுச்சா வே?”

“நின்னுச்சு” என்றேன்.

“அப்ப சரி.”

கீழே ஜெயசித்ரா குடையோடு வந்திருந்தாள். சின்னப் பிள்ளையில் சங்கரன்கோவிலில் டிபன் வாளியோடு அப்பாவுக்காக வண்டியின் எந்த இடத்தில் நிற்பாளோ, பழக்கத்தில் அங்கேயே நின்றிருந்தாள், டிரைவர் கதவுக்குக் கீழே. அந்தக் கதவு வழியாகப் புது டிரைவர் இறங்கிப் போனார். அவள் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். அண்ணாச்சி பின்படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். மகள் எங்கே நிற்பாள் என்று அவருக்குத் தெரியாதா? பஸ்ஸின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார்.

“ஏட்டி சித்ரா, நான் பாசஞ்சரா வந்திருக்கேன்” என்றார்.